1913-லேயே சூரிய சக்தியில் ஓடிய பம்ப் செட்: நிலக்கரிக்குச் சவால் விட்ட ஃபிராங்க் ஷூமன் யார்?

மொட்டை மாடியில் சோலார் பேனல், வயலில் சோலார் பம்ப். இதெல்லாம் கடந்த சில வருஷங்களில் வந்த டெக்னாலஜி என்றுதான் பலரும் நினைக்கிறோம். ஆனால் 1913-லேயே எகிப்தில், நைல் நதிக் கரையில், முழுக்க முழுக்க வெயிலை மட்டுமே வைத்து ஒரு பெரிய பம்ப் ஓடியது. நிமிடத்துக்கு 22,000 லிட்டருக்கும் மேல் தண்ணீர் இறைத்தது. நம்ம ஊர் கணக்கில் சொன்னால், ஒரு நிமிடத்துக்குக் கிட்டத்தட்ட இரண்டு தண்ணீர் லாரி!

அதைக் கட்டியவர் ஃபிராங்க் ஷூமன். பெரிய காலேஜ் படிப்பு எதுவும் இல்லாத அமெரிக்கர். நிலக்கரி ராஜாவாக இருந்த காலத்தில், அதைவிட மலிவாக சூரியனிலிருந்து சக்தி எடுக்க முடியும் என்று நம்பி, சொந்தப் பணத்தையும் வாழ்நாளையும் அதில் போட்டவர்.

அப்புறம் என்ன ஆச்சு? அந்த பம்ப் ஏன் நீண்ட காலம் நிலைக்கவில்லை? அவர் கதை இன்றைக்கு ஏன் முக்கியம்? பார்க்கலாம்.

யார் இந்த ஃபிராங்க் ஷூமன்?

1862 ஜனவரி 23 அன்று நியூயார்க்கின் புரூக்ளினில் பிறந்தார் ஷூமன். பள்ளிக்கூடம் போனது சில வருஷங்கள் மட்டுமே. மற்றதெல்லாம் தானாகப் படித்தது, வேலை செய்து கற்றுக்கொண்டது. இளம் வயதிலேயே ஒரு சாயக் கம்பெனியில் ரசாயன வேலைக்குச் சேர்ந்தார்.

1890-களின் தொடக்கத்தில் அவர் ஃபிலடெல்ஃபியா நகரத்துக்குக் குடிபோனார். அங்கே டகோனி என்ற பகுதியில் அவருடைய மாமா ஒரு இரும்பு, உலோக வார்ப்பு ஆலையை நடத்திக்கொண்டிருந்தார். ஃபிலடெல்ஃபியா நகர மண்டபக் கோபுரத்துக்கான உலோக வேலைகள் அந்த ஆலையில் நடந்துகொண்டிருந்தன. அதில் உலோகப் பூச்சு சம்பந்தமான சிக்கலைத் தீர்க்க உதவினார் ஷூமன்.

அவருக்குப் பேரும் பணமும் தந்தது வேறொன்று. கம்பி வலை பதித்த கண்ணாடி. பழைய ஆஸ்பத்திரி, ஃபேக்டரி, ரயில்வே கட்டடங்களின் ஜன்னல்களில் உள்ளே கம்பி வலை தெரிகிற கண்ணாடியைப் பார்த்திருப்பீர்கள். உடைந்தாலும் துண்டு துண்டாகத் தலையில் விழாது. இதைத் தயாரிக்கும் முறைக்கு 1892-ல் காப்புரிமை வாங்கினார். அந்த வருமானம்தான் அவருக்கு சொந்தமாக ஒரு ஆய்வுக்கூடம் வைத்துக்கொள்ளும் தைரியத்தைக் கொடுத்தது.

கண்ணாடியோடு பழகிப் பழகி, கண்ணாடி வழியாக உள்ளே போகிற வெயில்மேல் அவர் கவனம் திரும்பியது.

சூரியன் பக்கம் திரும்பியது எப்படி?

வெயிலில் நிறுத்திய காரின் கதவைத் திறந்தால் முகத்தில் அனல் அடிக்கும் இல்லையா? கண்ணாடி வழியாக வெயில் உள்ளே போகும், ஆனால் உள்ளே உண்டாகிற வெப்பம் அவ்வளவு சுலபமாக வெளியே வராது. இந்த விஷயத்தைத்தான் ஷூமன் பிடித்துக்கொண்டார்.

1897-ல் ஒரு சின்ன மாடல் செய்தார். கண்ணாடி மூடி போட்ட பெட்டி, உள்ளே கறுப்புப் பூசிய குழாய், குழாய்க்குள் ஈதர் என்ற திரவம். தண்ணீர் கொதிக்க 100 டிகிரி செல்சியஸ் வேண்டும். ஈதருக்கு சுமார் 35 டிகிரி போதும். வெயிலில் வைத்ததும் ஈதர் ஆவியாகி, ஒரு பொம்மை சைஸ் எஞ்சினை ஓட்டியது.

பார்த்தவர்களுக்கு அது வேடிக்கை. ஷூமனுக்கு அது ஆரம்பம்.

1907-ல் டகோனியில் இதையே பெரிதாகச் செய்து, 3.5 ஹெச்.பி. எஞ்சினை ஓட்டிக் காட்டினார். மறு வருஷமே சன் பவர் கம்பெனி என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்.

அவருக்கு முன்னாடி யாரும் இதைச் செய்யவில்லையா?

செய்திருக்கிறார்கள். பிரான்சில் அகுஸ்தின் மூஷோ என்ற கணக்கு வாத்தியார், 1878-ல் பாரிஸ் உலகக் கண்காட்சியில் சூரிய வெப்பத்தை வைத்து ஐஸ் கட்டியே செய்து காட்டினார். அதே காலகட்டத்தில் பம்பாயில் வில்லியம் ஆடம்ஸ் என்ற ஆங்கிலேய அதிகாரி, கண்ணாடிகளை அடுக்கி வெயிலைக் குவித்து எஞ்சின் ஓட்டினார். அமெரிக்காவில் ஜான் எரிக்சன் என்ற புகழ்பெற்ற பொறியாளரும் பல வருஷங்கள் முயற்சி செய்தார்.

எல்லோருடைய கதையும் ஒரே இடத்தில்தான் முடிந்தது: விலை. மெஷின் ஓடும், ஆனால் நிலக்கரி அதைவிட மலிவு. மூஷோவுக்குப் பண உதவி செய்த பிரான்ஸ் அரசும், நிலக்கரி சல்லிசாகக் கிடைக்க ஆரம்பித்ததும் கையை விரித்துவிட்டது.

ஷூமன் வித்தியாசப்படுவது இங்கேதான். எவ்வளவு அதிக வெப்பம் வரும் என்பது அவருடைய முதல் கேள்வி இல்லை. ஒரு ஹெச்.பி.க்கு என்ன செலவாகும், எத்தனை வருஷத்தில் போட்ட காசு திரும்பி வரும் என்பதுதான் முதல் கேள்வி. விலை உயர்ந்த, பளபளப்பான கருவி அவருக்கு வேண்டாம். சாதாரணக் கண்ணாடி, சாதாரண இரும்பு, உள்ளூர் ஆட்களே ரிப்பேர் பார்க்கக்கூடிய மெஷின். அதுதான் அவருடைய கணக்கு.

பெட்டியில் உண்டாகும் நீராவிக்கு அழுத்தம் குறைவு. சந்தையில் இருந்த எஞ்சின்கள் அதற்குச் சரிப்பட்டு வரவில்லை. அதனால் குறைந்த அழுத்த நீராவியிலும் ஓடக்கூடிய எஞ்சினை அவரே வடிவமைத்தார். 1911-ல் டகோனியில் 10,000 சதுர அடிக்கும் மேல் பரப்பளவில் பெட்டிகளையும் கண்ணாடிகளையும் வரிசையாக வைத்துப் பரிசோதித்தார். இந்த முறை ஈதர் இல்லை. வெறும் தண்ணீர்தான்.

எகிப்துக்கு ஏன் போனார்?

மேகமும் பனியும் உள்ள ஃபிலடெல்ஃபியாவில் சூரிய சக்திக்கு மார்க்கெட் இல்லை. பக்கத்திலேயே பென்சில்வேனியா சுரங்கங்கள். நிலக்கரி அங்கே தாராளம்.

எகிப்தில் நிலைமை தலைகீழ். வருஷம் முழுக்க வெயில். மழையே கிடையாது என்று சொல்லலாம், ஆனால் நைல் நதியில் தண்ணீர் ஓடுகிறது. அதை மேட்டில் இருக்கும் வயலுக்கு ஏற்ற வேண்டும். சிறு விவசாயிகள் ஷாதூஃப் என்ற கருவியை வைத்து இறைத்துக்கொண்டிருந்தார்கள். ஏறக்குறைய நம்ம ஊர் ஏற்றம் மாதிரிதான், நாள் முழுக்க உடம்பு உழைக்க வேண்டும். பெரிய பண்ணைகளில் நீராவி பம்ப் இருந்தது. ஆனால் அதற்கான நிலக்கரி பிரிட்டனிலிருந்து கப்பலில் வர வேண்டும். விலை எக்கச்சக்கம்.

எரிபொருள் எங்கே விலை அதிகமோ, வெயில் எங்கே அதிகமோ, அங்கேதான் சூரிய சக்தி முதலில் ஜெயிக்கும். ஷூமனின் இந்தக் கணக்கில் ஓட்டை எதுவும் இல்லை.

பிரிட்டன் முதலீட்டாளர்கள் பணம் போட முன்வந்தார்கள். ஆனால் போட்ட காசு பத்திரமாக இருக்குமா என்று பார்க்க, சார்லஸ் வெர்னன் பாய்ஸ் என்ற பிரபல இயற்பியலாளரை ஆலோசகராக வைத்தார்கள். அவர் டிசைனையே மாற்றச் சொன்னார். தட்டையான பெட்டிகளுக்குப் பதிலாக, நீளமான, வளைந்த கண்ணாடித் தொட்டிகள்.

அந்த மெஷின் எப்படி வேலை செய்தது?

ஒரு பெரிய குழாயை நீளவாக்கில் பாதியாகப் பிளந்து, உள்பக்கம் கண்ணாடி ஒட்டியது மாதிரி கற்பனை செய்துகொள்ளுங்கள். ஆனால் வளைவு வட்டமாக இருக்காது, பரவளைவு என்ற வடிவத்தில் இருக்கும். இந்த வடிவத்தின் ஸ்பெஷல் என்னவென்றால், நேராக வந்து விழும் வெயில் எல்லாம் திரும்பி ஒரே கோட்டில் போய்க் குவியும். அந்தக் கோட்டில் ஒரு நீளமான கறுப்பு பாய்லர். அதற்குள் தண்ணீர்.

வெயில் குவிந்ததும் தண்ணீர் கொதித்து நீராவியாகும். நீராவி எஞ்சினை ஓட்டும். எஞ்சின் பம்பை ஓட்டும். சூரியன் கிழக்கிலிருந்து மேற்கே நகர நகர, கண்ணாடித் தொட்டிகளும் கூடவே மெல்லத் திரும்பும். காலை, மாலை வெயிலும் வீணாகாது.

கெய்ரோவுக்குத் தெற்கே, நைல் கரையில் உள்ள மஆதி என்ற ஊரில் இப்படி ஐந்து வரிசைகள் அமைத்தார்கள். ஒவ்வொன்றும் சுமார் 62 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம்.

இன்றைய சோலார் பேனலும் இதுவும் ஒன்றில்லை. பேனல் வெளிச்சத்தை நேரடியாக மின்சாரமாக மாற்றும். ஷூமனின் மெஷின் வெயிலின் சூட்டை எடுத்து நீராவி எஞ்சினுக்குக் கொடுத்தது. சுருக்கமாகச் சொன்னால், நிலக்கரி அடுப்பு இருந்த இடத்தில் சூரியனை உட்கார வைத்தார்.

முதல் முயற்சியே சொதப்பல்

1912-ல் முதல் சோதனை. பாய்லர்களை துத்தநாகத்தில் செய்திருந்தார்கள். எகிப்து வெயிலும் வளைந்த கண்ணாடியும் சேர்ந்து எதிர்பார்த்ததைவிட அதிக சூட்டைக் கொடுக்க, பாய்லர்கள் இளகித் தொங்கிவிட்டன.

வேறு யாராவது என்றால் மூட்டையைக் கட்டியிருப்பார்கள். ஆனால் வெப்பம் போதவில்லை என்பது இங்கே பிரச்சினை இல்லை, அதிகமாகிவிட்டது என்பதுதான் பிரச்சினை. துத்தநாகத்தை எடுத்துவிட்டு இரும்பு பாய்லர் வைத்தார்கள். ஒரு வருஷம் தள்ளிப்போனது.

1913 ஜூலையில் எகிப்தின் பெரிய மனிதர்கள் முன்னிலையில் மெஷின் ஓடியது. 50 ஹெச்.பி.க்கும் மேல் சக்தி. விவசாயிகள் இப்போது வைத்திருக்கும் 5 ஹெச்.பி. மோட்டார்கள் பத்து சேர்ந்தால் எவ்வளவோ அவ்வளவு. நைல் தண்ணீர் பருத்தி வயலுக்குப் பாய்ந்தது. புகை இல்லை, கரி இல்லை, எரிபொருள் பில் இல்லை.

ஆட்சியாளர்களுக்கு ஏன் இவ்வளவு ஆர்வம்?

எகிப்தில் அப்போது பிரிட்டனின் பிரதிநிதியாக அதிகாரத்தில் இருந்தவர் கிச்சனர் பிரபு. அவருக்கு இந்த மெஷின் ரொம்பவே பிடித்துப்போனது. சூடானில் 30,000 ஏக்கர் பருத்தித் தோட்டத்தில் இதைப் பயன்படுத்தலாம் என்று ஷூமனுக்கு வாய்ப்பளித்தார். ஜெர்மனியும் சும்மா இருக்கவில்லை. ஜெர்மன் நாடாளுமன்றத்தில் போய் விளக்கம் சொன்னார் ஷூமன். தென்மேற்கு ஆப்பிரிக்காவில், அதாவது இன்றைய நமீபியாவில், சூரிய ஆலை அமைக்க 2 லட்சம் மார்க் ஒதுக்கப்பட்டது.

இதில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. எகிப்து, சூடான், நமீபியா மூன்றுமே அப்போது வெளிநாட்டவர் பிடியில் இருந்த மண். பிரிட்டனுக்குத் தன் நூற்பாலைகளுக்குப் பருத்தி வேண்டும். ஜெர்மனிக்குக் காலனியிலிருந்து லாபம் வேண்டும். ஷாதூஃப் பிடித்து இறைக்கும் விவசாயியின் முதுகு வலி யாருடைய திட்ட அறிக்கையிலும் முதல் வரியில் இல்லை. மெஷின் சுத்தமானதுதான். அதன் பலன் யாருக்குப் போகும் என்பது வேறு கேள்வி.

சஹாராவில் ஒரு சதுரம்

இந்த வெற்றிக்குப் பிறகு ஷூமனின் கனவு பெரிதானது. சஹாரா பாலைவனத்தில் 20,250 சதுர மைல் பரப்பில் இதே மாதிரி கண்ணாடித் தொட்டிகளை வைத்தால், 27 கோடி ஹெச்.பி. சக்தி கிடைக்கும் என்று கணக்குப் போட்டார். அன்றைக்கு உலகம் மொத்தமும் எரித்துக்கொண்டிருந்த எரிபொருளுக்கு அது ஈடாகும் என்பது அவர் வாதம்.

20,250 சதுர மைல் என்றால் எவ்வளவு? தமிழ்நாட்டின் பரப்பளவில் ஏறக்குறைய 40 சதவீதம். சஹாராவை வைத்துப் பார்த்தால் அதில் ஒரு சதவீதம்கூட இல்லை.

அவர் இதைச் சொன்னது சுற்றுச்சூழல் பேச்சாக இல்லை. புவி வெப்பமடைதல் அன்று அரசியல் விவாதமே ஆகவில்லை. நிலக்கரியும் எண்ணெயும் ஒருநாள் தீர்ந்துபோகும், அப்போது மனித குலம் சூரியனிடம்தான் போய் நிற்க வேண்டும் என்பதுதான் அவர் கவலை.

எல்லாம் எங்கே தவறிப்போனது?

1914 ஆகஸ்ட். முதல் உலகப் போர் வெடித்தது.

மஆதியில் வேலை பார்த்த பொறியாளர்கள் போர் வேலைக்காக ஊர் திரும்பினார்கள். ஷூமன் அமெரிக்காவில் இருந்தார். கவனிக்க ஆளில்லாத ஆலை பிரித்தெடுக்கப்பட்டு, அதன் உலோகம் போர்க்காலத் தேவைக்குப் போனது. ஜெர்மனியின் திட்டமும் அத்தோடு முடிந்தது. போரில் ஜெர்மனி காலனிகளையே இழந்தது.

1918 ஏப்ரல் 28 அன்று ஷூமன் காலமானார். வயது 56. போர் முடிய இன்னும் ஆறு மாதங்களுக்கு மேல் இருந்தது. இரண்டாவது சூரிய ஆலையை அவர் பார்க்கவே இல்லை.

போர் வராமல் இருந்திருந்தால் ஜெயித்திருப்பாரா?

ஷூமனைப் பற்றிப் பேசும்போது பலரும் போர்மேல் மட்டும் பழியைப் போட்டுவிடுவார்கள். அது பாதி உண்மைதான்.

மீதிப் பாதி பெட்ரோலியம். 1901-ல் டெக்சாஸிலும், 1908-ல் பாரசீகத்திலும் பெரிய எண்ணெய் ஊற்றுகள் கிடைத்தன. போர் தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னாடிதான், பாரசீக எண்ணெயை எடுத்துக்கொண்டிருந்த கம்பெனியில் பெரும்பான்மைப் பங்குகளை வாங்க பிரிட்டிஷ் அரசு முடிவு செய்தது. போர்க்கப்பல்களை எண்ணெயில் ஓட்டுவதற்காக. அரசாங்கப் பணம் எந்தப் பக்கம் போகிறது என்பது அன்றே தெரிந்துவிட்டது.

இன்னொன்று, ஆரம்பச் செலவு. நிலக்கரி பம்பைவிட சூரிய பம்பைக் கட்ட அதிகப் பணம் தேவைப்பட்டது. கட்டிய பிறகு எரிபொருள் செலவு இல்லை, சில வருஷங்களில் மிச்சமாகும். ஆனால் அந்தச் சில வருஷம் காத்திருக்கக்கூடிய பணம் யாரிடம் இருக்கிறது? எண்ணெய் மலிவாகக் கிடைக்க ஆரம்பித்ததும் காத்திருக்க யாருக்கும் மனசு வரவில்லை.

ராத்திரி வெயில் இல்லை, இடம் அதிகம் வேண்டும், தூசு படிந்தால் துடைக்க வேண்டும். இந்தப் பிரச்சினைகளும் நிஜம்தான். இதையெல்லாம் சரிசெய்ய இன்னும் நிறைய ஆலைகள் கட்டி, தப்பு செய்து, திருத்தியிருக்க வேண்டும். துத்தநாகத்தை இரும்பாக மாற்றியது மாதிரி. அதற்கான நேரம்தான் கிடைக்கவில்லை.

70 வருஷம் கழித்துத் திரும்பி வந்த ஐடியா

1973 எண்ணெய் நெருக்கடியில் பெட்ரோல் விலை எகிறியபோதுதான் உலகம் மறுபடியும் சூரியன் பக்கம் பார்த்தது. 1984 முதல் 1990 வரை அமெரிக்காவின் கலிஃபோர்னியா பாலைவனத்தில் ஒன்பது சூரிய வெப்ப மின் நிலையங்கள் கட்டப்பட்டன. மொத்தம் 354 மெகாவாட். அதே நீளமான, வளைந்த கண்ணாடித் தொட்டிகள்தான்!

ஆனால் எரிவாயு விலை இறங்கி, அரசு சலுகைகளும் குறைந்ததும், அவற்றைக் கட்டிய கம்பெனி 1991-ல் திவாலானது. மறுபடியும் அதே கதை.

இன்று மொராக்கோவின் வர்சாசாத், ராஜஸ்தான் பாலைவனம் எனப் பல இடங்களில் இதே டெக்னாலஜி இருக்கிறது. எகிப்தில் கெய்ரோவுக்குத் தெற்கே குரைமாத் என்ற இடத்தில் 2011-ல் வந்த மின் நிலையத்திலும் வளைந்த கண்ணாடிகள்தான் இருக்கின்றன. மஆதியிலிருந்து அது ரொம்ப தூரமில்லை.

ஆனால் விலைப் போட்டியில் கடைசியில் ஜெயித்தது பேனல்தான். சர்வதேசப் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் முகமையின் கணக்குப்படி, பெரிய சோலார் பேனல் ஆலைகளின் மின் உற்பத்திச் செலவு 2010 முதல் 2023 வரை சுமார் 90 சதவீதம் குறைந்துள்ளது. உலகின் பல இடங்களில் புதிதாக நிலக்கரி ஆலை கட்டுவதைவிட சோலார் இப்போது மலிவு. சூரியன் ஒருநாள் நிலக்கரியைவிட மலிவாகும் என்ற ஷூமனின் நம்பிக்கை பலித்திருக்கிறது, அவர் நினைத்துப் பார்க்காத வழியில்.

இன்றைக்கு இந்தக் கதை ஏன் முக்கியம்?

2030-க்குள் எல்லோருக்கும் மலிவான, சுத்தமான சக்தி கிடைக்க வேண்டும் என்று ஐ.நா. 2015-ல் இலக்கு வைத்தது. நிலைமை என்ன? 2023 கணக்குப்படி உலகில் சுமார் 75 கோடி பேருக்கு மின்சார வசதியே இல்லை. அதில் பெரும்பாலானவர்கள் சஹாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்க நாடுகளில் இருக்கிறார்கள். 200 கோடிக்கும் அதிகமானோர் இன்னமும் விறகு, கரி, சாணம் போன்றவற்றை எரித்துப் புகையில்தான் சமைக்கிறார்கள்.

வெயில் அதிகம் இருக்கும் இடத்தில்தான் கரன்ட் இல்லாதவர்களும் அதிகம். ஷூமன் 1913-ல் பார்த்த அதே வரைபடம்.

பேனல் விலை குறைந்த பிறகும் ஏன் இந்த நிலைமை? காரணமும் பழையதுதான்: ஆரம்பச் செலவு. சோலாரில் முதலிலேயே மொத்தப் பணத்தையும் போட வேண்டும். பணக்கார நாட்டில் குறைந்த வட்டிக்குக் கடன் கிடைக்கும். ஏழை நாட்டில் அதே ஆலைக்கு வட்டி பல மடங்கு. வெயில் இலவசம், வட்டி இலவசம் இல்லை.

இந்தியாவில் சோலார் பம்ப் வாங்கும் விவசாயிகளுக்கு பிஎம் குசும் திட்டத்தில் மானியம் தருவதும் இந்தச் சிக்கலுக்காகத்தான். மாதா மாதம் டீசல் செலவு மிச்சம் என்றாலும், முதல் நாள் தர வேண்டிய தொகை பெரியது. அதை யார் ஏற்பது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

மஆதியில் இன்று ஷூமனின் கண்ணாடித் தொட்டிகள் இல்லை. கெய்ரோவின் ஒரு பகுதியாக அந்த இடம் மாறிவிட்டது. ஆனால் நைலை ஒட்டித் தெற்கே போனால், அஸ்வான் பக்கத்தில் பென்பான் சோலார் பூங்கா வரும். 2019-ல் முழுமையடைந்தது. ஆப்பிரிக்காவின் மிகப் பெரிய சோலார் பூங்காக்களில் ஒன்று. சுமார் 1,500 மெகாவாட். மஆதியில் நைல் தண்ணீரை ஏற்றிய அதே எகிப்து வெயில்தான், 106 வருஷம் கழித்து அங்கே லட்சக்கணக்கான வீடுகளுக்கு விளக்கு ஏற்றிக்கொண்டிருக்கிறது.